சுமார் ரகம்

"அண்ணா, இன்னா வாசனை இது? தெருவையே தூக்குதே."

மதில் சுவருக்கு மேல் புனிதாவின் தலை மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. நல்லவள்தான். ஆனால் எந்த வீட்டில் நல்ல வேலையாள் இருந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். போன வருஷம், எதிர்வீட்டு டிரைவர் பிரேக் போட்டால் கையில் இருக்கும் காப்பி கூட ஆடாது என்று யாரோ வாய் தவறிச் சொன்னார்கள். அடுத்த வாரம் அவன் புனிதாவின் காருக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாதுரை உஷாரானார்.

"வாசனையாம்மா? அடி புடிச்சிருக்கும். புதுசா ஒரு பொம்பள வேலைக்கு வந்திருக்குதே, அது அடுப்புல எதையாவது வெச்சிட்டு டிவி பாத்துக்கினு நிக்கும்."

"அடி புடிச்ச வாசனை மாதிரி இல்லியேண்ணா."

"உனக்கு நல்ல மனசு. உன் மூக்குக்கும் நல்லதாவே தெரியுது."

"அப்போ சமையல் சரியில்லயா?"

"சுமார்தான்."

அப்பாதுரைக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரம். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். ஒரு பருப்பை உடைத்து வாயில் போடுவார். அது தேனாக இனித்தால் முகத்தைச் சுளிப்பார். "சுமார்தான். ஈரம் இருக்குது. பருப்பு சொத்தை. உனக்காக வேணும்னா எடுத்துக்கறேன்" என்பார். மூட்டையைக் கொண்டுவந்த விவசாயிக்கே தன் நிலத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும். வேண்டும் என்று மனசு எவ்வளவு துடிக்கிறதோ அவ்வளவு மட்டமாக வாய் பேச வேண்டும். அப்பன் சொல்லிக்கொடுத்த தொழில் இது. விழுப்புரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைத் தின்றுவிட்டு, பழக்க தோஷத்தில் "சுமார்" என்று சொல்லித் தொலைத்தார். வீரம்மாள் கழுத்தை நீட்டிவிட்டாள். கேசரி மட்டும் அதன் பிறகு அந்த வீட்டில் கிண்டப்படவே இல்லை.

அந்த வீரம்மாள்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். விழுப்புரத்தில் ஆபரேஷன் ஆயிற்று. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். ஆட்களும் வந்தார்கள். வந்த வேகத்தில் போனார்கள். படுத்த இடத்திலிருந்தே, வேலைக்கு வந்தவள் அரிசியை எத்தனை தண்ணியில் களைகிறாள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள் வீரம்மாள். ஒருத்தி செக்கப்புக்கு விழுப்புரம் போன இடத்தில், "டீ வாங்கியாறேம்மா" என்று ஃபிளாஸ்கோடு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினாள். அந்த ஃபிளாஸ்க் இன்றுவரை திரும்பவில்லை.

ஓசூரிலிருந்து மகள் கவிதா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, இன்னொரு ஆள் ஓடுச்சின்னா பேச்சே கெடையாது. மண்டியைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

ஓசூரில் மகளுக்கு அடுக்குமாடியில் உச்சி வீடு. அங்கே மல்லாட்டையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, மேலே ஒட்டிய விலைக்கே வாங்கிப் போகிறார்கள். பேரம் கிடையாது. ஒருமுறை போய்வந்த அப்பாதுரைக்கு அந்தக் கடை வாசல் கனவில் வரும், வேர்த்துக்கொண்டு எழுவார்.

அந்த நேரத்தில்தான், மண்டியில் எடை போடும் விருத்தாசலம் வல்லம் பக்கத்துத் தன் ஊரிலிருந்து சகாயசெல்வியைக் கூட்டிவந்தார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ஒண்டியாக இருந்த பொம்பளை. முதல் நாளே வீரம்மாள் ஆரம்பித்தாள்.

"வெங்காயத்தை இப்படியா நறுக்குவாங்க? மாட்டுக்கா போடப் போற?"

"கொழம்புல வெந்துட்டா ஒண்ணும் தெரியாதும்மா. வேணும்னா உங்க தட்டுல மட்டும் மாடு கணக்கா குனிஞ்சு பாருங்க."

அப்பாதுரைக்கு ஓசூர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் படுக்கையில் வீரம்மாள் சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்தது. வலித்ததற்குத் திட்டினாள். திட்டிவிட்டு மறுபடியும் சிரித்தாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து சீரியலில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குச் செல்வி கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். மல்லாட்டையை வறுத்துத் தோலை ஊதி, விழுதாய் அரைத்து ஊற்றியிருந்தாள். முதல் கவளத்திலேயே அப்பாதுரைக்குக் கண் சொருகியது.

"எப்படிங்கய்யா இருக்குது?"

"சுமார்தான்."

"சரிங்கய்யா" என்று இன்னொரு கரண்டி ஊற்றினாள் செல்வி.

அன்றைக்கே முடிவு செய்தார். இது முதல் தரம். வெளியே தெரிந்தால் போய்விடும். மறுநாளிலிருந்து பால்காரரிடம், கேபிள்காரரிடம், இஸ்திரி போடுபவரிடம் எல்லாம் செல்வியின் குறைகளைப் பிரச்சாரம் செய்தார். சோறு குழையும், சத்தம் போட்டுப் பேசும், பகலில் தூங்கும், குறட்டை விடும். திருட்டுப் பழி மட்டும் போடவில்லை. சரக்கைக் குறை சொல்வது வியாபாரம். எடைக்கல்லில் கை வைப்பது பாவம்.

மதில் சுவர்ப் பேச்சோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார். மறுநாள் மதியம் புனிதா ஒரு டிபன் கேரியரோடு வந்து நின்றாள்.

"உடம்பு முடியாத அக்காவ வெச்சிக்கினு அடி புடிச்ச கொழம்பத் துன்னுக்கினு இருக்கீங்களேண்ணு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இனிமே மத்தியானச் சாப்பாடு நம்ம வூட்லருந்துதான்."

"அதெல்லாம் வேணாம்மா. உனக்கு ஏன் சிரமம்?"

"இதுல இன்னா சிரமம்."

சிரமம் யாருக்கு என்பது கேரியரைத் திறந்ததும் தெரிந்தது. சாம்பாரில் பருப்பு ஒரு கரையிலும் தண்ணீர் மறு கரையிலும் நின்றன. பொரியலைப் பார்த்து அது எந்தக் காய் என்று சொல்ல முடியவில்லை. வீரம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்கு அந்த ஆஸ்பத்திரி கஞ்சியே தேவல" என்றாள்.

செல்வி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்கய்யா வெளியிலருந்து சோறு வருது?"

அவள் மனசு நோகக் கூடாது. அப்பாதுரை சட்டென்று ஒரு பொய்யை எடுத்துப் போட்டார்.

"அது வேண்டுதல் செல்வி. மயிலம் முருகனுக்கு. முடியாதவங்களுக்குச் சோறு போடறதா வேண்டிக்கினு இருக்குதாம் அந்தம்மா."

"அடடே, சாமி காரியமா" என்று செல்வி உடனே பணிந்துவிட்டாள். அவளுக்கு வேளாங்கண்ணி என்றாலும் மயிலம் என்றாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். மறுநாள் கேரியரைக் கழுவித் துடைத்தவள், நாலு அடுக்கிலும் எதையோ நிரப்பினாள். கத்திரிக்காய்க் குழம்பு, கேப்பை அடை, மல்லாட்டைச் சட்னி, கொஞ்சம் வெல்லம். நிரப்பிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அப்பாதுரையிடம் சொன்னாள்.

"ஏன் குடுத்த?" அப்பாதுரை மதில் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வந்த ஏனத்த வெறுசா எப்படிங்கய்யா திருப்பிக் குடுக்கறது? எங்க ஊர்ல அப்படிப் பழக்கமில்ல."

திண்டிவனத்திலும் அப்படிப் பழக்கமில்லை. 

சாயங்காலம் மதிலுக்கு மேல் தலை எழுந்தது. கண்கள் பளபளத்தன.

"அண்ணா, அந்தக் கொழம்பு யாரு வெச்சது?"

அப்பாதுரை இரண்டு பக்கமும் பார்த்தார். வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருத்தி படுக்கையில். ஒருத்திக்குச் சமைக்கத் தெரியாது என்று அவரே சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

"நான்தாம்மா."

"நீங்களா?"

"அந்தப் பொம்பள வெச்சத எறக்கி வெச்சிட்டு நானே எதையோ போட்டுக் கிண்டுனேன்."

புனிதாவின் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் புனிதாவின் கணவர் நெடுஞ்செழியனுக்கு எண்ணெய்க் கடை. அதோடு அவர் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். மறுநாள் காலையில் மண்டிக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, உங்ககிட்ட இப்படி ஒரு கைப்பக்குவத்த ஒளிச்சி வெச்சிருக்கீங்களே. ராத்திரி கேரியரை வழிச்சி நக்கிட்டேன். சங்கத்து ஆண்டு விழா வருதில்ல, விழுப்புரத்து ஆளுங்களயும் கூப்புட்டிருக்கோம். கொழம்பு உங்க பொறுப்பு."

"கும்பலுக்கெல்லாம் நமக்கு வராதுப்பா."

"ஏன், நீங்க வெக்கலியா அதை?" நெடுஞ்செழியனின் கண் லேசாகச் சுருங்கியது. "அந்த வேலைக்கார அம்மாதான் வெச்சாங்களா?"

"சேச்சே. நானே வெக்கிறேன். கத்திரிக்காய மட்டும் பிஞ்சா பாத்து வாங்கச் சொல்லு."

மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த விருத்தாசலம் தலையைத் தூக்கி முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. அப்பாதுரை அடுப்பங்கரைக்குள் நுழைந்தார்.

"மல்லாட்ட செவக்கணும்யா, கருக்கக் கூடாது" என்றாள் செல்வி. "வாசம் மாறுறப்ப எறக்கிடணும்."

மாறிய வாசம் படுக்கையறை வரை போனது.

"பொறந்ததுலருந்து மல்லாட்டயில பொழைக்கிற மனுசன்" என்று உள்ளேயிருந்து வீரம்மாளின் குரல் வந்தது, "ஒரு படி மல்லாட்டய வறுக்கத் தெரியல. ஏ செல்வி, அவரை வெளிய அனுப்பிட்டு ஜன்னலத் தொற."

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. வீரம்மாளை நலம் விசாரிக்கப் புனிதா உள்ளேயே வந்துவிட்டாள். வந்தவள் செல்வியைக் கருணையோடு பார்த்தாள்.

"உனக்குச் சமைக்கத் தெரியாதாமே. பகல்ல தூங்குவியாமே. அண்ணன் சொன்னாரு. பரவால்ல, போகப் போகக் கத்துக்கோ."

அப்பாதுரை அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். செல்வி அவரை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் தோள் குலுங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அன்று மாலை அவள் அதிரசம் சுட்டாள். அப்பாதுரைக்கு அது இன்னும் பயமாக இருந்தது. திட்டு வாங்கியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் செய்யலாம். அதிரசம் சுட்டால் என்ன அர்த்தம்? போவதற்கு முன் நல்லபடியாகச் செய்துவிட்டுப் போகிறாள் என்றுதான் அர்த்தம். மறுநாளே அவள் அறைக்கு ஒரு புது மின்விசிறி வாங்கி மாட்டினார்.

"எதுக்குங்கய்யா இது? பழசே நல்லாத்தான சுத்துது?"

அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வாய் தன் பழக்கத்துக்கே போயிற்று.

"கடையில யாரும் எடுக்காம கெடந்துச்சு. சுமாரான ஃபேன்தான்."

"சரிங்கய்யா" என்றாள் செல்வி. முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மயிலம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா. சமையல்கட்டை ஒரு திரை போட்டு மறைக்கச் சொல்லியிருந்தார் அப்பாதுரை. புகை வரும், விருந்தாளிகளுக்குக் கண் எரியும் என்று காரணம். திரைக்கு அந்தப் பக்கம் செல்வி குழம்பு வைத்தாள். இந்தப் பக்கம் அப்பாதுரை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் பெரிய கரண்டியோடு, அவ்வப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். செல்வியிடம், "சங்கத்துல சமையலுக்கு ஆள் கெடைக்கல, நீ கொஞ்சம் ஒத்தாச பண்ணு" என்றுதான் சொல்லியிருந்தார். வீரம்மாள் முதல் வரிசையில் வாக்கரைப் பிடித்தபடி உட்கார்ந்து, புருஷன் கரண்டி பிடித்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தி நடந்தது. பேச்சு நின்றுபோனது. சாதாரணமாக வியாபாரிகள் கூடிய இடத்தில் சாப்பிடும்போதும் விலைவாசி பேசுவார்கள். அன்று உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தடவை குழம்பு கேட்டவர்களின் இலையில் சோறே இல்லை.

நெடுஞ்செழியன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கொழம்புக்காக நம்ம அப்பாதுரை அண்ணனுக்குச் சங்கத்தின் சார்பா இந்தப் பொன்னாடையப் போத்துறோம். அண்ணன் ரெண்டு வார்த்தை பேசணும்."

பொன்னாடை தோளில் விழுந்தது. விழுப்புரத்து வியாபாரி ஒருவர் எழுந்தார். இலையை மூடாமலே எழுந்தவர்.

"அண்ணா, வூட்ல சொல்லணும். இதுல இன்னா இன்னா போட்டீங்க?"

"மல்லாட்ட" என்றார் அப்பாதுரை.

"அது தெரியுது. அப்புறம்?"

"கத்திரிக்கா."

"அதுவும் தெரியுதுண்ணா. அப்புறம்?"

அப்பாதுரை யோசித்தார். "அடுப்பு."

மண்டபம் சிரித்தது. அப்பாதுரை திரையைப் பார்த்தார். திரை விலகியிருந்தது. செல்வி நின்றிருந்தாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு. தோள் குலுங்கியது.

அவருக்கு மனசு உடைந்துவிட்டது. ஊரெல்லாம் அவளைத் தூங்குமூஞ்சி என்றாயிற்று. குழம்பு வைக்கத் தெரியாதவள் என்றாயிற்று. அவள் வைத்த குழம்புக்குத் தான் பொன்னாடையும் வாங்கியாயிற்று. இனி எந்த மனுஷிதான் இருப்பாள்? அவள் போனால் ஓசூர். ஓசூர் என்றால் மேலே ஒட்டிய விலை.

மைக்கை வாய்க்கு நேராக இழுத்தார். நாக்கு வழக்கப்படி 'சு' என்று ஆரம்பித்தது. அதைக் கடித்து நிறுத்தினார்.

"இந்தக் கொழம்ப நான் வெக்கல. நம்ம வூட்ல இருக்கிற சகாயசெல்வி வெச்சது. அது சமையல்ல ஒஸ்தி. வேலையில ஒஸ்தி. கொணத்துல ஒஸ்தி. இந்த மாதிரி ஒரு ஆளு திண்டிவனத்துலயும் இல்ல, விழுப்புரத்துலயும் இல்ல. நான் இத்தினி நாளா சொன்னதுல்லாம் பொய்யி."

பொன்னாடையைக் கழற்றிக் கொண்டுபோய்ச் செல்வியின் தோளில் போர்த்தினார். கைத்தட்டல் கூரையில் மோதியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொன்னதில் அப்பாதுரைக்கு உடம்பே லேசானது போல இருந்தது.

செல்வியின் முகத்தில் மட்டும் இரத்தமே இல்லை.

அதற்குள் புனிதா பக்கத்தில் வந்துவிட்டாள். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்ல மாடி ரூமு காலியாத்தான் இருக்குது செல்வி. ஏசி போட்டது. இல்லண்ணா?"

நாலு பேர் நடுவில் என்ன சொல்வது? அப்பாதுரை பல்லைக் காட்டினார். செல்வி புனிதாவைப் பார்த்தாள், சிரிக்கும் அப்பாதுரையைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

வீடு வந்து சேரும் வரை அவள் பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பை ஜிப் இழுபடும் சத்தமும் கேட்டது.

"செல்வி, ஏ செல்வி" என்று வீரம்மாள் வாக்கரால் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னா பண்ணித் தொலைச்சீங்க? திட்டித் திட்டி அவள ஓட வெச்சிட்டீங்களா? எனக்குச் சீரியல் பாக்க யாரு இருக்கா?"

"அதான் எல்லார் முன்னாலயும் நல்லபடியா சொல்லிட்டேனே."

"இத்தினி நாளு பேசுனது காதுல வுழுந்திருக்காதா?"

செல்போன் அடித்தது. ஓசூர். அப்பாதுரை அதைத் தலையணைக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துகொண்டார். அது அவருக்குக் கீழே விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

அண்டாக்களை இறக்க வந்த விருத்தாசலத்தைத்தான் கடைசியில் தூது அனுப்பினார். "ஒரே ஊருக்காரன், நீ சொன்னா கேக்கும். புனிதா ஏசி குடுத்தா நான் ரெண்டு ஏசி குடுக்கறேன்னு சொல்லு. பேசுனதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லு."

விருத்தாசலம் கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய் ஜன்னல் வழியாகப் பேசினார். உள்ளேயிருந்து விசும்பலும் பேச்சும் கலந்து வந்தன. ஒன்றும் பிடிபடவில்லை. வெகுநேரம் கழித்து அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"இன்னாய்யா சொல்லுது? நான் கொறை சொன்னத இன்னும் மனசுல வெச்சிக்கினு அழுவுதா?"

"அதுக்கு ஏன் மொதலாளி அழுவுது? நீங்க சுமார்னு சொன்னா அந்தச் சரக்க வுடவே மாட்டீங்க, ஒஸ்தின்னு சொல்றதத்தான் அன்னிக்கே வித்து லாரி ஏத்துவீங்கன்னு அது வந்த அன்னிக்கே நான் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப மைக்கு வெச்சி ஒஸ்தின்னுட்டீங்களா, 'என்னை அந்த ஏசி வூட்டுக்குத் தள்ளிவுட்டுட்டாராண்ணா'ன்னு கேட்டுத்தான் அழுவுது."